ஒரே ஆள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் எப்படி ஆடினார்? டாலி மெசெஞ்சர் பத்தி தெரிஞ்சவங்க வாங்க

கார்த்தி_வெண்ட்வொர்த்வில்:

வணக்கம் மக்களே. சிட்னிக்கு வந்து சில வருஷம் ஆகுது, இத்தனை நாளும் கிரிக்கெட் மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன், பையன் ஸ்கூல்ல ஃபூட்டி ஆட ஆரம்பிச்சதுல இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனா வீட்டு டிவில ரக்பி லீக்தான் ஓடுது. சீசன் முடியறப்ப பெஸ்ட் பிளேயருக்கு டாலி எம் மெடல்னு ஒண்ணு குடுப்பாங்கல்ல, அது யாரு பேருன்னு தேடப் போயி நான் நல்லா குழம்பிட்டேன்.

டாலி மெசெஞ்சர்னு ஒருத்தர். 1907ல ரக்பி யூனியன்ல ஆஸ்திரேலியாவுக்கு ஆடியிருக்காரு, நியூசிலாந்துக்கு எதிரா. 1908 தொடக்கத்துல பாத்தா ரக்பி லீக்ல நியூசிலாந்துக்காக ஆடியிருக்காரு, இங்கிலாந்துல. அதே 1908 மே மாசம் திரும்ப ஆஸ்திரேலியா டீம்ல, மறுபடி நியூசிலாந்துக்கு எதிரா! ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. இது எப்படி நடந்துச்சு, யாரு அனுமதிச்சாங்க? அப்புறம் யூனியன்காரங்க இவர் பேரையே ரெக்கார்டுல இருந்து எடுத்துட்டாங்கன்னும் ஒரு இடத்துல படிச்சேன், அப்படி என்ன தப்பு பண்ணாரு? நிஜமாவே அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா, இல்ல முதல் ஆளா இருந்ததால வந்த பேரா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க ப்ளீஸ்.

பழைய_ஸ்கோர்கார்டு:

கார்த்தி, உங்க குழப்பம் மொத்தமும் 1907 ஜூலைல இருந்து 1908 மே வரைக்கும் உள்ள பத்து மாசத்துக்குள்ள அடங்கிடும், அதை வரிசையா சொன்னா தெளிஞ்சிடும், கொஞ்சம் நீளமா போகும் பரவால்ல.

ஆளு முழுப்பேரு ஹெர்பர்ட் ஹென்றி மெசெஞ்சர், 1883 ஏப்ரல் 12ல சிட்னி பால்மெயின்ல பிறந்தவர், வளர்ந்தது டபுள் பே. அப்பா சார்லஸ் அமோஸ் மெசெஞ்சர் அங்க படகுப்பட்டறை வச்சிருந்தாரு, அவரே பெரிய துடுப்புப் போட்டிக்காரர், தாத்தா தேம்ஸ் நதில சாம்பியனா இருந்தவர். அதனால குடும்பமே தண்ணியிலதான், ரக்பி வீட்டுல யாருக்கும் பெரிய விஷயமே கிடையாது, இவருக்கும் ஆரம்பத்துல கிரிக்கெட்டும் படகும்தான் உயிர். டாலிங்கறது செல்லப்பேரு. சின்னப் புள்ளைல தொப்பை வச்சிருந்தாராம், அப்ப சிட்னில வில்லியம் பீட் டாலின்னு தொப்பைக்குப் பேர்போன அரசியல்வாதி ஒருத்தர் இருந்தாரு, அவரு பேரை இவருக்கு வச்சுக் கூப்பிட்டு அப்படியே நின்னுடுச்சு.

1906ல ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்புக்கு முதல் கிரேடு ஆட வராரு. அடுத்த வருஷமே நியூ சவுத் வேல்ஸ் டீம், ஆஸ்திரேலியா டீம் ரெண்டும். அந்த 1907 சீசன்ல ஆல் பிளாக்ஸ் (நியூசிலாந்தோட ரக்பி யூனியன் டீம்) சிட்னிக்கு வந்தப்ப ஒரு மேட்ச்சுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல கூட்டம் வந்துச்சு, சிட்னி கிரிக்கெட் கிரவுண்டுல. அந்தக் காலத்து சிட்னி ஜனத்தொகைய நினைச்சுப் பாருங்க, ஊரே திரண்டு வந்த மாதிரிதான். அந்தக் கூட்டம் பாக்க வந்த ஆட்கள்ல முதல் ஆள் மெசெஞ்சர். சென்டர்ல ஆடுவாரு, கோல் உதைக்கறதும் அவர்தான்.

இப்ப முக்கியமான இடம். அதே நேரத்துல நியூசிலாந்துல ஆல்பர்ட் பாஸ்கர்வில்னு தபால் ஆபீஸ்ல வேலை பாத்த இருபத்தி சொச்சம் வயசுப் பையன் ஒருத்தன் ஒரு டீம் திரட்டறான், வட இங்கிலாந்துல ரக்பி யூனியன்ல இருந்து பிரிஞ்சு நார்தர்ன் யூனியன்னு தனியா போன கிளப்புங்க இருக்கு (அவங்க ஆட்டத்தைத்தான் இன்னிக்கு ரக்பி லீக்னு சொல்றோம்), அங்க போய் காசு வாங்கிட்டு ஆடலாம்னு. ஆல் பிளாக்ஸ்ல ஆடின ஜார்ஜ் ஸ்மித் மாதிரி பெரிய ஆளுங்களும் சேர்ந்தாங்க. ஒவ்வொரு பிளேயரும் ஆளுக்கு 50 பவுண்டு போட்டு பொதுநிதி, லாபம் வந்தா பங்கு. சிட்னி பேப்பர்காரங்க இவங்களை நக்கலா ஆல் கோல்ட்ஸ்னு எழுதினாங்க, காசுக்கு ஆடறவங்கன்னு குத்திக் காட்டி, அந்தப் பேரே வரலாறுல நின்னுடுச்சு.

அவங்க இங்கிலாந்து போற வழில சிட்னில இறங்கி மூணு மேட்ச் ஆடறதுக்கு ஏற்பாடு. ஏற்பாடு பண்ணது ஜே.ஜே. கில்டினன்னு ஒரு தொழிலதிபர், கூட யாரு தெரியுமா, விக்டர் ட்ரம்பர்! ஆமா, நம்ம கிரிக்கெட் ட்ரம்பரேதான், அப்ப உலகத்துலயே பெரிய பேட்ஸ்மேன். 1907 ஆகஸ்ட் 8ல ஜார்ஜ் ஸ்ட்ரீட் பேட்மன்ஸ் கிரிஸ்டல் ஹோட்டல்ல கூடி நியூ சவுத் வேல்ஸ் ரக்பி ஃபுட்பால் லீக்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா டீம் வச்சிருந்தா மட்டும் போதுமா, கூட்டம் வரணுமே, கூட்டம் வரணும்னா மெசெஞ்சர் வரணும். அதனால கில்டினனும் ட்ரம்பரும் டபுள் பே வீட்டுக்கே போயிட்டாங்க. இவர்கிட்ட பேசினது ஒரு பக்கம், முடிவு சொல்ல வேண்டியது அவங்க அம்மா ஆனி. அம்மா சம்மதம் இல்லாம இவர் நகர மாட்டாருன்னு வந்தவங்களுக்குத் தெரியும். அம்மா சரின்னாங்க. ரக்பி லீக் இன்னிக்கு சிட்னில இப்படி இருக்கறதுக்கு ஒரு வீட்டுக் கூடத்துல ஒரு அம்மா தலையாட்டினது காரணம்னு நினைக்கறப்ப எனக்கு இப்பவும் புல்லரிக்கும்.

ஆகஸ்ட் 17 முதல் மேட்ச், அக்ரிகல்ச்சுரல் ஷோகிரவுண்டுல, இருபதாயிரம் பேர் கிட்ட வந்தாங்க. மூணு மேட்ச்சையும் நியூசிலாந்துதான் ஜெயிச்சுது, அது வேற விஷயம், கஜானா நிறைஞ்சுது பாருங்க அதுதான் மேட்டர். இன்னொரு விசேஷம் என்னன்னா அந்த மூணு மேட்ச்சும் பழைய ரக்பி யூனியன் ரூல்ஸ்லதான் ஆடினாங்க, ஏன்னா நார்தர்ன் யூனியன் ஆட்டம் ரெண்டு டீம்லயும் யாருக்கும் சரியா ஆடத் தெரியாது.

ஆட்டத்தைப் பாத்த பாஸ்கர்வில் மெசெஞ்சரை எங்க கூட வாங்கன்னு கூப்பிட்டுட்டாரு, இவரும் கிளம்பிட்டாரு. டீம்ல ஒரே ஆஸ்திரேலியன். உங்க முதல் கேள்விக்குப் பதில் இதுதான், யாரும் அனுமதி குடுக்கல, கேக்கவும் இல்ல, அது ஒரு சங்கத்தோட டீமே இல்ல, தனியார் டூர்.

லீட்ஸ்ல போய் இறங்கி ஒரு வாரம் மாதிரி பயிற்சி எடுத்துதான் புது ரூல்ஸையே கத்துக்கிட்டாங்க. அக்டோபர் 9 பிராம்லில முதல் மேட்ச், 25-6ன்னு ஜெயிச்சாங்க. நினைச்சுப் பாருங்க, ஒரு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் தெரியாத ஆட்டம் அது. ஜனவரி, பிப்ரவரில நார்தர்ன் யூனியனோட மூணு டெஸ்ட், ஹெடிங்லில தோத்து, செல்சில 18-6, செல்டனம்ல 8-5ன்னு ரெண்டு ஜெயிச்சு தொடரையே எடுத்துட்டாங்க. டூர்ல அதிக பாயிண்ட் அடிச்சது நம்ம மெசெஞ்சர், 146. நியூசிலாந்துக்காக ஆடி!

திரும்பி வந்து 1908 மே 9ல சிட்னில ஆஸ்திரேலியாவோட முதல் ரக்பி லீக் டெஸ்ட். எதிரணி யாருன்னா கூடவே கப்பல்ல வந்த அதே நியூசிலாந்துக்காரங்க. 11-10, நியூசிலாந்து ஜெயிச்சுது. பதினோரு நாள்ல, மே 20ல, பாஸ்கர்வில் நிமோனியால பிரிஸ்பேன்ல இறந்துட்டாரு, வயசு 25. இவ்வளவு பெரிய வேலைய பண்ணிட்டு அதோட பலனைப் பாக்காமலே போன ஆளு, அவரைப் பத்தி யாருமே பேசறதில்லங்கறது எனக்கு ரொம்ப வருத்தம்.

நல்லூரான்:

தம்பி கார்த்தி, மேல எழுதினவர் நல்லா சொல்லியிருக்கிறார், நான் அடிப்படையை மட்டும் சொல்லுறன், ஏனெண்டால் இது ரெண்டும் வேற வேற விளையாட்டு எண்டது விளங்காமல் மிச்சம் விளங்காது. எங்கட இலங்கையில ரக்பி எண்டால் யூனியன்தான், பதினைஞ்சு பேர், கொழும்புப் பள்ளிக்கூடங்களின்ர மட்ச் எல்லாம் அதுதான். லீக் எண்டு ஒண்டு இருக்கிறதே நான் சிட்னிக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சுகொண்டன்.

பிரிஞ்சது 1895 ஓகஸ்ட் 29. வட இங்கிலாந்தில ஹடர்ஸ்ஃபீல்ட் எண்ட ஊரில ஜோர்ஜ் ஹொட்டல் இருக்கு, அங்கதான் யோர்க்‌ஷயர், லங்காஷயர் பக்கத்துக் கிளப்புகள் கூடி முடிவெடுத்தவை. சண்டை எதுக்கெண்டால் ஆறு ஷில்லிங்குக்கு. அங்க ஆடினவை முக்கால்வாசிப் பேரும் சுரங்கத் தொழிலாளி, மில் தொழிலாளி, சனிக்கிழமையும் வேலை இருக்கும், மட்சுக்குப் போனால் கூலி போயிடும். அந்தப் போன கூலியை மட்டும் குடுக்க விடுங்கோ எண்டு கேட்டவை. லண்டனில இருந்த யூனியன்காரர் படிச்ச பணக்காரர், அவைக்கு சனிக்கிழமைக் கூலி எண்டால் என்னெண்டே தெரியாது, ஒரு சதமும் குடுக்கக் கூடாது, குடுத்தால் நீ தொழில்முறை ஆட்டக்காரன், வெளியில போ எண்டிட்டினம். அதோட பிரிஞ்சது பிரிஞ்சதுதான்.

பிறகு பிரிஞ்சவை ஆட்டத்தையும் மாத்திப்போட்டினம், சனம் காசு குடுத்துப் பாக்க வரவேணும் எண்டால் பந்து ஓட வேணும்தானே. 1897ல லைன்அவுட்டை (வெளியில போன பந்தை ரெண்டு வரிசையா நிண்டு எட்டிப் பிடிக்கிறதை) தூக்கினவை, 1906ல ஆளுகளை பதிமூண்டாக் குறைச்சவை, டக்கிள் பண்ணுப்பட்டவர் எழும்பி பந்தைக் காலால பின்னுக்குத் தள்ளுறதும் அந்த வருசத்திலதான் வந்தது. மெசெஞ்சர் போன நேரம் இந்தப் புது ஆட்டத்துக்கு ஒண்டரை வயசுதான். திறந்த வெளியில ஓடுறவனுக்கு எண்டே செய்த ஆட்டம், அவருக்கு அது நல்லாப் பொருந்திச்சுது.

யூனியன் இந்தக் காசுத் தடையை எடுத்தது எப்ப எண்டு நினைக்கிறியள்? 1995 ஓகஸ்ட். சரியா நூறு வருசம்.

மணி_ஆவடி:

எல்லாம் சரி சார், ஆனா சுத்திச் சுத்தி பாத்தா காசுக்காக போனவர்தானே? அப்ப ஆஸ்திரேலியாவுக்கு ஆடிட்டு இருந்த ஆளு, ஒரே மாசத்துல தூக்கிப் போட்டுட்டு வேற டீமுக்கு போறாரு, அதுவும் போன மாசம் எதிரா ஆடின நாட்டுக்காரங்களோட. 1977ல கெர்ரி பேக்கரோட தனியார் கிரிக்கெட் தொடருக்கு போனவங்கள திட்டின மாதிரி அன்னிக்கு சங்கம் தடை போட்டதுல என்ன தப்பு? நான் மெசெஞ்சர தாழ்த்திச் சொல்லல, ஆட்டம் நல்லா ஆடியிருக்காரு ஓகே, ஹீரோ மாதிரி பேசறது மட்டும்தான் எனக்கு ஒத்துக்க முடியல.

பழைய_ஸ்கோர்கார்டு:

மணி, காசு வாங்கினார்ங்கறத யாரும் மறைக்கல. ஆனா அந்தக் காசு அதுவரைக்கும் யார் கைக்குப் போச்சுன்னு பாருங்க, அதை விட்டுட்டு இந்தக் கதைய பேசவே முடியாது.

1905ல ஆல் பிளாக்ஸ் இங்கிலாந்து டூர் போனாங்க, கிட்டத்தட்ட எல்லா மேட்ச்சும் ஜெயிச்சாங்க, நியூசிலாந்து சங்கத்துக்கு ஆயிரக்கணக்குல பவுண்டு லாபம். பிளேயருக்கு என்ன கிடைச்சுது? ஒரு நாளைக்கு 3 ஷில்லிங் படி. மாசக்கணக்குல வேலைய விட்டுட்டுப் போனவங்க அவங்க. சிட்னிலயும் அதேதான், அரை லட்சம் பேர் டிக்கெட் வாங்கி உள்ள வராங்க, ஆடறவன் திங்கக்கிழமை காலைல மறுபடி மூட்டை தூக்கப் போகணும்.

அலெக் பர்டன்னு ஒருத்தர் இருந்தாரு, தொழில் முடிதிருத்தறது. நியூ சவுத் வேல்ஸ் டீமுக்கு ஆடப் போய் அடிபட்டு தோள் போச்சு, கை தூக்க முடியல. முடிதிருத்தறவருக்கு கை தூக்க முடியலன்னா என்ன பொழப்பு சொல்லுங்க. மருத்துவச் செலவும் போன கூலியும் கேட்டா சங்கம் கைவிரிச்சுடுச்சு. பர்டன் கைய கட்டித் தொங்க விட்டுக்கிட்டு ட்ரம்பரோட கடைக்கு வந்தாரு, மார்க்கெட் ஸ்ட்ரீட்ல ட்ரம்பர் விளையாட்டுச் சாமான் கடை வச்சிருந்தாரு, அங்கதான் இவங்க எல்லாரும் கூடிப் பேசுவாங்க. லீக் உருவான கதைய யாரு சொன்னாலும் அந்தக் கட்டுப்போட்ட கையிலதான் ஆரம்பிப்பாங்க. ட்ரம்பர் ஏன் இதுல வந்தாருன்னு கேட்டா, கிரிக்கெட்ல டெஸ்ட் ஆடி அவருக்கும் ஓரளவு காசு வந்துச்சு, அதனால ரக்பிக்காரனுக்கு மட்டும் ஏன் இல்லங்கறது அவருக்கு நேராவே தெரிஞ்ச நியாயம்.

அதனால என் பார்வைல மெசெஞ்சர் போனது ஓடிப்போனது இல்ல, பர்டன் மாதிரி ஆளுங்க பேசினா யாரும் காது குடுக்க மாட்டாங்க, மெசெஞ்சர் நகர்ந்தா ஊரே நகரும், அந்த பலத்தை எந்தப் பக்கம் வைக்கணுமோ அந்தப் பக்கம் வச்சாரு. அவருக்கு அதனால இழப்பு இல்லன்னு நினைக்காதீங்க, 1907 நிலைமைல அந்த லீக் ஒரே சீசன்ல இழுத்து மூடியிருக்கலாம், மூடியிருந்தா இவர் எங்கயும் ஆட முடியாது, ஏன்னா யூனியன் வாழ்நாள் தடை போட்டுடுச்சு. தடையோட நிக்கல, இவர் அவங்களுக்கு ஆடின கணக்கையே புத்தகத்துல இருந்து அழிச்சாங்க. அடிச்ச ட்ரை (எதிரணி கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில வைக்கறது), உதைச்ச கோல், எல்லாம் நடக்கவே இல்லங்கற மாதிரி. திரும்ப சேத்தது 2007ல, அவர் செத்து ஐம்பது வருஷம் நெருங்கறப்ப. ஒரு ஆளு மேல கோபம் இருக்கலாம், அதுக்காக ஐம்பதாயிரம் பேர் கண்ணால பாத்ததை இல்லன்னு எழுதறது எந்த ஊர் நியாயம்?

கார்த்தி_வெண்ட்வொர்த்வில்:

அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ட்ரம்பர் இதுல வருவாருன்னு நான் கனவுலயும் நினைக்கல, அப்பா ட்ரம்பர் பத்தி சொல்லி சொல்லி வளர்ந்தவன் நான். கடைசி கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரல. ஆட்டத்துல நிஜமாவே எப்படி? வீடியோ எதுவும் பாக்க முடியலையே, எதை வச்சு இவரை இன்னிக்கு இருக்கறவங்களோட சேத்துப் பேசறாங்க? அப்புறம் கடைசி காலம் எப்படி இருந்துச்சு?

பழைய_ஸ்கோர்கார்டு:

பாத்தவங்க எழுதி வச்சதையும் ஸ்கோரையும் வச்சுதான். பாத்தவங்க அவருக்கு வச்ச பேரு தி மாஸ்டர்.

ஒரு வித்தைய எல்லாரும் சொல்வாங்க. பந்தோட ஓடி வராரு, எதிர்ல ஃபுல்பேக் (கடைசியா நிக்கற தடுப்பு ஆட்டக்காரன்) குனிஞ்சு டேக்கிளுக்கு ரெடி, இவரு பந்தை அவன் தலைக்கு மேல தூக்கிப் போட்டுட்டு, அவனை சுத்தி ஓடி, கீழ விழறதுக்குள்ள பிடிச்சுட்டுப் போயிடுவாரு. டேக்கிள் பண்ண வந்தவன் ஆளைப் பாக்கறதா பந்தைப் பாக்கறதான்னு திகைச்சு நிப்பான். இதை ப்ராக்டீஸ்ல பண்ணல, டெஸ்ட் லெவல்ல பண்ணாரு. தாவிக் குதிச்சு ஆள் மேல போறது, கோட்டுக்கிட்ட உடம்பை முழுசா வீசி ட்ரை வைக்கறது, இதெல்லாம் அந்தக் காலத்துல யாரும் சொல்லிக் குடுக்காத ஆட்டம். அவர் அடுத்து என்ன செய்வாருன்னு கூட ஆடறவங்களுக்கே தெரியாதுங்கறது பெரிய புகாராவே இருந்துச்சு. எனக்கு அதுதான் அவர்கிட்ட ரொம்ப பிடிச்ச விஷயம்.

உதைக்கறது தனி. அந்தக் காலத்து பந்து தோல் பந்து, மழை பெஞ்சா தண்ணி குடிச்சு கல்லு மாதிரி ஆயிடும், பூட்ஸ் முனையால நேரா குத்தி உதைக்கணும், இன்னிக்கு மாதிரி காலை வளைச்சு உதைக்கற பழக்கம் இல்ல. அதை வச்சுக்கிட்டு மைதானத்தோட பாதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தெல்லாம் கோல் போட்டிருக்காரு. இங்கிலாந்துல பாத்துட்டு அங்க இருந்த பெரிய சாக்கர் கிளப்புங்களே எங்ககிட்ட வரியான்னு கேட்டாங்க.

நம்பர் வேணும்னா 1911 சீசனை எடுத்துக்கங்க, எல்லா மேட்ச்சும் சேத்து 270 பாயிண்ட். ட்ரைக்கு 3தான் அப்ப, கோலுக்கு 2, மேட்ச்சும் இன்னிக்கு அளவு கிடையாது. அந்த வருஷம் குயின்ஸ்லாந்துக்கு எதிரா ஒரே மேட்ச்ல 4 ட்ரை 10 கோல், 32 பாயிண்ட். 1911, 1912, 1913ன்னு ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் தொடர்ந்து மூணு பிரீமியர்ஷிப் (சிட்னி லீக் சாம்பியன் பட்டம்), இவர்தான் கேப்டன். மூணு வருஷம் தொடர்ந்து ஜெயிச்சதுல ஷீல்டு கிளப்புக்கே சொந்தமாச்சு, கிளப் என்ன பண்ணுச்சுன்னா அதைத் தூக்கி மெசெஞ்சர் கையிலயே குடுத்துடுச்சு. எந்த கிளப்பாவது ஜெயிச்ச கோப்பைய ஒரு பிளேயருக்கு வீட்டுக்குக் குடுத்து அனுப்புமா? அவர் இல்லன்னா இது இல்லன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

நடுவுல 1908-09ல முதல் கங்காரு டூர், அதாவது ஆஸ்திரேலியா ரக்பி லீக் டீமோட இங்கிலாந்து டூர். அது துயரமான டூர், 45 மேட்ச், ஜெயிச்சது 17 மட்டும், குளிரு, லங்காஷயர் பக்கம் பருத்தி மில்லுங்க மூடிக் கிடந்ததால ஜனங்க கையில டிக்கெட்டுக்கே காசில்ல. லண்டன் பார்க் ராயல்ல முதல் டெஸ்ட் 22-22 டிரா, மெசெஞ்சர் கேப்டன், பாக்க வந்தது ரெண்டாயிரம் பேர் மாதிரி. சிட்னில ஐம்பதாயிரம் பேர் முன்னாடி ஆடினவருக்கு அந்தக் காலி கேலரி எப்படி இருந்திருக்கும்! டூருக்கு கைக்காசு போட்ட கில்டினன் திரும்பி வந்து திவாலாகிட்டாரு. இன்னிக்கு லீக்ல புள்ளிப் பட்டியல்ல முதல் இடத்துக்கு குடுக்கற ஷீல்டு அவர் பேர்லதான் இருக்கு, ஆனா உயிரோட இருந்தப்ப 1909லயே பதவிய விட்டு இறக்கிட்டாங்க.

மெசெஞ்சர் 1913ல ஆட்டத்தை விட்டாரு. அப்புறம் ஹோட்டல் லைசென்ஸ் எடுத்து நடத்தினாரு, குயின்ஸ்லாந்துல வாழைத்தோட்டம் போட்டாரு, எதுவும் நிக்கல. கடைசியா நியூ சவுத் வேல்ஸ் பொதுப்பணித் துறைல தச்சு வேலை பாத்தாரு. படகுப்பட்டறைல வளர்ந்த புள்ளைக்கு அந்த வேலை கைவந்ததுதான், இருந்தாலும் ஒரு விளையாட்டையே தூக்கி நிறுத்தின ஆளுக்கு அந்த விளையாட்டு ஒரு நிம்மதியான வருமானம் பண்ணிக் குடுத்திருக்கணும்னு எனக்கு ஆதங்கம் உண்டு. 1959 நவம்பர் 24ல கன்னிடால காலமானாரு.

நல்லூரான்:

தம்பி, எஸ்.சி.ஜி. எண்ட சிட்னி கிரிக்கெட் மைதானத்துக்கு மட்ச் பாக்கப் போனால் ஸ்ராண்டுகளின்ர பேரை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. ஒரு பக்கம் நோபிள், பிராட்மன், மெசெஞ்சர் மூண்டு பேரின்ர பேரும் சேர்ந்திருக்கும், இன்னொரு பக்கம் ட்ரம்பர் ஸ்ராண்ட். கிரிக்கெட் மைதானத்தில பிராட்மனுக்குப் பக்கத்தில ஒரு ரக்பிக்காரன்ர பேர். வெளியில மூர் பார்க்கில புட்போல் ஸ்ரேடியத்துக்குப் பக்கத்தில சிலையும் இருக்கு. 2018லதான் இம்மோர்டல்ஸ் எண்ட லீக்கின்ர மிகப் பெரிய ஆட்டக்காரர் பட்டியலில சேர்த்தவை, எனக்கு அது மிச்சம் பிந்தின வேலை, முதல் ஆளா எடுத்திருக்க வேணும்.

மணி_ஆவடி:

பர்டன் மேட்டர் எனக்குத் தெரியாது சார். அடிபட்டவனுக்கு கைவிரிச்ச சங்கம் பக்கம் நான் பேச மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன், கில்டினன் திவால், டூர் நஷ்டம், பாஸ்கர்வில் இறந்துட்டாரு, அப்ப 1909ல இந்த லீக் செத்திருக்கணுமே. மெசெஞ்சர் ஒருத்தர் ஆடினதால மட்டும் பொழைச்சுடுச்சா?

பழைய_ஸ்கோர்கார்டு:

இல்ல மணி, மெசெஞ்சர் ஒருத்தரால மட்டும் பொழைக்கல, சரியான இடத்துல பிடிச்சீங்க. 1909ல நிஜமாவே மூச்சு நிக்கற நிலைமைதான். கங்காரு டூர் நடந்த அதே குளிர்காலத்துல வாலபீஸ்ங்கற ஆஸ்திரேலியா ரக்பி யூனியன் டீமும் இங்கிலாந்து டூர்ல இருந்துச்சு, அவங்க 1908 லண்டன் ஒலிம்பிக்ல ரக்பி தங்கம் ஜெயிச்சுட்டு வந்தாங்க, கார்ன்வால் டீமை 32-3ன்னு அடிச்சு. ஊரே அவங்களைக் கொண்டாடுது. அப்ப ஜேம்ஸ் ஜாயின்டன் ஸ்மித்னு ஒரு பணக்காரர் காசை இறக்கி, வாலபீஸும் கங்காருஸும் மோதற மாதிரி 1909ல தொடர் மேட்ச் வச்சாரு. அதுக்காக பதினாலு வாலபீஸ் பிளேயர் லீக் பக்கம் வந்துட்டாங்க, எல்லாருக்கும் வாழ்நாள் தடை, ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்களுக்கும் சேத்துதான். அந்த மேட்ச்சுங்களுக்கு வந்த கூட்டம்தான் லீக்கை காப்பாத்துச்சு. அதுக்கப்புறம் சிட்னில யூனியனால லீக்கை மறுபடி எட்டிப் பிடிக்கவே முடியல.

அந்தப் பதினாலு பேர்ல கிறிஸ் மெக்கிவட்டை மட்டும் தனியா தேடிப் படிங்க. ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்ச டீமுக்கு கேப்டன், கிளீப் கிளப்போட ஹாஃப்பேக். 1911-12 கங்காரு டூருக்கு மெசெஞ்சர் போகல, கேப்டனா போனது மெக்கிவட், இங்கிலாந்து மண்ணுலயே ரக்பி லீக் ஆஷஸை (கிரிக்கெட் மாதிரி லீக்லயும் அந்தப் பேர்ல தொடர் உண்டு) ஜெயிச்சுட்டு வந்தாரு. பின்னாடி கோச்சா நார்த் சிட்னிக்கு 1921லயும் 1922லயும் பிரீமியர்ஷிப் வாங்கிக் குடுத்தாரு, அந்த கிளப் தன்னோட வரலாறுல ஜெயிச்சதே அந்த ரெண்டுதான்.